எந்தத் தாழ்ப்பாள் எந்தக் காட்டுக்கு?

அமெரிக்காவின் தென் கரோலினாவில், சவானா ஆற்றை ஒட்டிய சோயா வயல்களில் மான்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் தலைகாட்டும். காட்டு விளிம்பிலிருந்து நாலடி வெளியே வந்து, வயலின் அந்தக் கடைசியிலேயே மேயும். பரணில் காத்திருப்பவருக்கும் மானுக்கும் நடுவே 300, 400 கெஜம் வெட்டவெளி. வெளிச்சம் வடிந்துகொண்டே போகும். ஒரு குண்டுக்குத்தான் நேரம் இருக்கும். கென்னி ஜாரெட் இப்படிப்பட்ட வயல்களில் வளர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர். மணல்மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி, ஒரே துளைக்குள் ஐந்து குண்டு போட முயலும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் கற்ற நுணுக்கங்களை அவர் மான் வேட்டைக்குக் கொண்டுவந்தார். 1980-களில் 'பீன்ஃபீல்ட் ரைபிள்' என்ற பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டது. 100 கெஜத்தில் அரை அங்குலத்துக்குள் குண்டுகள் விழ வேண்டும் என்பது அவருடைய அளவுகோல்.

அந்தத் துப்பாக்கிகளில் பலவற்றை அவர் கட்டியது ரெமிங்டன் 700 ஆக்‌ஷன்மேல். எந்த ஊர்க் கடையிலும் கிடைத்த, மலிவாகச் செய்வதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஆக்‌ஷன் அது. வேட்டைக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மவுசரை அவர் அதற்குத் தேடிப் போகவில்லை. ஏன் என்று பார்த்தால் இந்த அத்தியாயத்தின் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் ஒரு சொல். குழலையும் மரக்கட்டையையும் கழற்றி வைத்துவிட்டால் நடுவில் மிஞ்சும் இரும்புப் பகுதிதான் ஆக்‌ஷன். ரிசீவர் என்ற கூடும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்ற உருளையும் சேர்ந்தது அது. பழைய வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளலாம்: பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, கீழே மடக்கினால் பூட்டு. போல்ட் முனையிலுள்ள காதுகள் ரிசீவரின் உட்பள்ளங்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வீட்டுத் தாழ்ப்பாள் காற்றைத் தாங்கினால் போதும். இந்தத் தாழ்ப்பாள், .30-06 போன்ற தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 60,000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

குண்டுக்கு ஆக்‌ஷன் தெரியாது, குழல்தான் தெரியும். நல்ல குழல், நல்ல தோட்டா, கட்டையில் அசையாத பொருத்தம் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் குறி தப்பாமைக்குப் பெரும்பங்கு கிடைத்துவிட்டது. ஆக்‌ஷன் செய்யக்கூடியதெல்லாம் அந்த மூன்றின் வேலையையும் கெடுக்காமல் இருப்பது. அதனால் 'எந்த ஆக்‌ஷன் மிகத் துல்லியமானது' என்று கேட்டு வருபவரிடம் அனுபவமுள்ள கைவினைஞர் எதிர்க்கேள்வி போடுவார்: எங்கே, எதை வேட்டையாடப் போகிறீர்கள்? துல்லியத்தைக் கடைசல் எந்திரத்தில் எந்த ஆக்‌ஷனுக்கும் ஏறக்குறைய ஏற்றிவிடலாம். தோட்டாவை வாங்கும் விதம், வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கும் பலம், பனியிலும் சேற்றிலும் நடந்துகொள்ளும் முறை ஆகியவை பிறவிக் குணம். அவற்றைப் பின்னால் மாற்றுவது கடினம்.

ஆக்‌ஷன் எப்படித் துல்லியத்தைக் கெடுக்கும்? இரண்டு காதுகளில் ஒன்று மட்டும் பள்ளத்தின் சுவரைத் தொட்டு, மற்றது முடியளவு விலகி நிற்கலாம். வெடிக்கும் கணத்தில் போல்ட் ஒரு பக்கமாகச் சாயும், அந்த உதைப்பு ரிசீவர் வழியாகக் குழலுக்குப் போகும். குழல் திருகி உட்காரும் ரிசீவர் முகம் துளையின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், குழல் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் உட்காரும். நாலைந்து குண்டில் சூடேறியதும் குறி நகரத் தொடங்கும். திருகுமரை கோணலாக வெட்டப்பட்டிருந்தாலும் இதே கதைதான்.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் எறிபொருள் பறப்பியலில் வேலைசெய்த ஹரால்ட் வான் இதையெல்லாம் ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்த்தார். சாதாரண வேட்டைத் துப்பாக்கி ஒன்றில் உணர்கருவிகளை ஒட்டி, சுடும்போது எது எவ்வளவு அசைகிறது என்று பதிவுசெய்து, 1998-இல் புத்தகமாக்கினார். குழலும் ரிசீவரும் சேரும் திருகு இணைப்பே, கையால் ஆட்டினால் கல்லாக இருப்பது, வெடிக்கும்போது நழுவுகிறது என்பது அவர் காட்டியவற்றில் முக்கியமானது. மேகசினுக்காக ரிசீவரின் அடிப்பக்கம் வெட்டப்பட்டிருப்பதால் மேலும் கீழும் விறைப்பு ஒன்றாக இல்லை. உதைப்பைத் தாங்கும் துண்டும் குழலின் அச்சுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வளைந்தால் கவலை இல்லை. தச்சர்கள் சொல்லும் 'ஆட்டம்' இருந்தால்தான் ஆபத்து.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு எம்.ஓ.ஏ.; 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். மானின் நெஞ்சுப் பகுதியில் இதயமும் நுரையீரலும் அடங்கும் வட்டம் சுமார் 20 சென்டிமீட்டர். ஆக, ஒரு எம்.ஓ.ஏ. துப்பாக்கி 300 மீட்டருக்குத் தாராளம். அரை எம்.ஓ.ஏ. கேட்பவர்கள் வீம்புக்குக் கேட்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. காற்றைத் தப்பாகக் கணிப்பது, மூச்சு வாங்கும்போது நடுங்கும் கை ஆகிய மனிதப் பிழைகள் அந்த 20 சென்டிமீட்டரில் பங்கு கேட்கும். துப்பாக்கி குறைவாக எடுத்துக்கொண்டால் மனிதனுக்கு அதிகம் மிஞ்சும்.

இனி வடிவங்களுக்கு வரலாம். முதலில் மவுசர் 98. ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரை ஊரான ஓபர்ன்டார்ஃபில் பால் மவுசர் வடித்ததை ஜெர்மன் ராணுவம் 1898 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது. அதன் உயிர்நாடி போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாகப் படுத்திருக்கும் எஃகுக் கொக்கி. மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பு இந்தக் கொக்கிக்குள் நழுவிக்கொள்கிறது. அப்போதிலிருந்து வெற்றுக்கூடு வெளியே எறியப்படும்வரை தோட்டா கொக்கியின் பிடியிலேயே இருக்கும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி மறுபடி இழுத்துவிட்டாலும், எடுத்த தோட்டா திரும்ப வந்துவிடும். இரண்டு தோட்டா ஒன்றின்பின் ஒன்றாகப் போய் அடைத்துக்கொள்ளாது. இதைத்தான் துப்பாக்கிக்காரர்கள் 'கன்ட்ரோல்ட் ஃபீட்' என்கிறார்கள். கொக்கியும் போல்ட்டோடு சுழலாமல் நிற்கும் என்பதால், குழலின் அறையில் ஒட்டிக்கொண்ட பித்தளைக் கூட்டை அகலமான பிடியோடு பிடுங்கி எடுக்கும்.

மவுசர் யோசித்ததில் இன்னொரு பாதி, ஏதாவது தவறினால் என்ன ஆகும் என்பது. தோட்டாக்கூடு கிழிந்தால் வாயு போல்ட்டின் துளைகள் வழியாக இடப்பக்கம் வெளியேறும். பின்னாலுள்ள அகன்ற விளிம்பு சுடுபவரின் கண்ணுக்கு மறைப்பு. முன் காதுகள் இரண்டும் உடைந்தாலும் தாங்க மூன்றாவது காது பின்னால் காத்திருக்கும். 125 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பட்டியலில் சேர்க்கவோ எடுக்கவோ பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்க அரசு தன் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 துப்பாக்கியை மவுசரின் யோசனைகளின்மேல் கட்டிவிட்டு, காப்புரிமைக்காக அந்த நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது.

ஜிம் கார்பெட்டின் துப்பாக்கியும் இந்த வம்சம்தான். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹெவெட் அவருக்குப் பரிசளித்த .275 ரிக்பி, மவுசர் ஆக்‌ஷனை வைத்து லண்டன் ரிக்பி நிறுவனம் கட்டியது. இடது கையில் பறவை முட்டைகளோடு பாறையைச் சுற்றித் திரும்பியவர், சில அடி தூரத்தில் படுத்திருந்த சௌகர் புலியை வலது கையால் மட்டுமே துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டது அந்த லேசான ஆயுதம் கையில் இருந்ததால்தான். (தமிழகத்தின் ஓசூர் பக்கக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சனிடம் இருந்தது .405 வின்செஸ்டர். அது போல்ட் இல்லை, நெம்பு பிடி வகை. இந்த அத்தியாயத்துக்குள் வராது.)

அப்படியானால் துல்லியத் துப்பாக்கி கட்ட மவுசரை ஏன் எல்லாரும் எடுப்பதில்லை? பழைய ராணுவ மவுசரைத் திருத்துவதில் உள்ள வேலைதான் காரணம். போல்ட் பிடி ஸ்கோப்பில் இடிக்கும். அதை வெட்டி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். பாதுகாப்புப் பிடி மேலே எழுந்து நிற்கும். அதையும் மாற்ற வேண்டும். ஸ்கோப் பொருத்த ரிசீவரில் துளை போட வேண்டும், மேற்பரப்போ துளைக்கருவியை வழுக்கும் அளவுக்குக் கடினம். தோட்டாப் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தப் படைவீரனுக்காக இடப்பக்கச் சுவரில் வெட்டிய பள்ளம் விறைப்பைக் குறைக்கிறது. தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைக் குத்தும் ஊசி கனமானது, நீண்ட தூரம் ஓடுகிறது. விசையை அழுத்தியதற்கும் பிரைமர் வெடிப்பதற்கும் நடுவிலுள்ள இமைப்பொழுது கொஞ்சம் நீளம், அந்த இமைப்பொழுதில் கை நகரும். இத்தனையையும் சரிசெய்யலாம். செய்து முடித்தபின் வரும் செலவில் புதிய ஆக்‌ஷன் ஒன்றே வாங்கிவிடலாம் என்பதுதான் சிக்கல். ஆனால் மவுசரின் தட்டையான அடிப்பாகமும், உடம்போடு ஒன்றாகக் கடைந்த உதைப்புத் தடுப்பும் கட்டையில் உட்காரும்போது அம்மிக்கல் மாதிரி அசையாது. இதை மட்டும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ராணுவ ஆக்‌ஷன்களைப் பற்றிப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் செய்த 1903 துப்பாக்கிகளில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டில் செய்தவற்றில் 2,85,507-க்குக் கீழும் வரிசை எண் உள்ளவற்றின்மேல் எதையும் கட்டக் கூடாது. அக்காலத்தில் எஃகு பழுத்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். வெயில் நாளில் அந்த நிறம் மங்கலாகத் தெரிய, தேவைக்கு மேல் சூடேற்றிவிட்டார்கள். எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றது. முதல் உலகப் போர் காலத்தில் சில ரிசீவர்கள் சிதறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இதற்கு நேர்மாறான கதை ஜப்பானின் அரிசாகா. போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ராணுவ ஆக்‌ஷன்களை பி.ஓ. ஆக்லி என்ற அமெரிக்கக் கைவினைஞர் மருந்தை ஏற்றிக்கொண்டே போய் வெடிக்கவைத்துச் சோதித்தார். எல்லாரும் தகரம் என்று இளக்காரம் செய்த அரிசாகாதான் கடைசிவரை தாங்கியது. அதற்காக அதன்மேல் அழகிய வேட்டைத் துப்பாக்கி கட்டியவர்கள் அதிகமில்லை. பலம் மட்டும் போதாது போலும்.

மவுசரின் குணத்தை வைத்துக்கொண்டு வேட்டைக்காரனுக்கென்றே வடித்தது வின்செஸ்டர் மாடல் 70. 1936-இல் வந்தது. அதே நீளக் கொக்கி. தோட்டா தடுமாறாமல் உள்ளே போகப் புனல்போல் சரிந்த குழல் வாய். ஊசியையே பிடித்து நிறுத்தும் மூன்று நிலைப் பாதுகாப்பு. தூசி விழுந்தாலும் ஊதிவிட்டால் போகும் அளவுக்குத் திறந்த, எளிய விசை. 'அவுட்டோர் லைஃப்' இதழில் துப்பாக்கிப் பகுதி எழுதிய ஜாக் ஓ'கானர் .270 மாடல் 70-ஐ மலையாட்டு வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அதற்கு ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன் செய்துகொடுத்த வால்நட் கட்டைகள் இன்றும் கைவினைக்கு அளவுகோல். வியட்நாமில் கார்லோஸ் ஹாத்காக் குறிபார்த்ததும் மாடல் 70-இல்தான்.

1964-இல் செலவைக் குறைக்கக் கம்பெனி கைவைத்தது. நீளக் கொக்கி போயிற்று. கட்டையில் செதுக்கிய கோடுகளுக்குப் பதில் அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 'பிரீ-64' என்ற சொல்லே சந்தையில் ஒரு தரமுத்திரையாகிவிட்டது. பழையதைத் தேடுபவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள்: 7,00,000-இலிருந்து தொடங்குபவை மாற்றத்துக்குப் பிந்தியவை. 1990-களில் கொக்கி 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்தது. 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டு, 2008-இல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இந்தப் புதிய மாடல் 70-இன் கடைசல் வேலை பழையதைவிடச் சீரானது என்று சொன்னால் சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள்; அளவுகருவி வைத்துப் பார்ப்பவர்கள் வரமாட்டார்கள்.

இப்போது ஜாரெட்டின் ரெமிங்டன். 1948-இல் வந்த 721, 722 மாடல்களின் பின்னே இருந்த மைக் வாக்கர் ஒரு பொறியாளர், பெஞ்ச்ரெஸ்ட் பித்தரும்கூட. ரிசீவரை உலையில் அடித்து உருவாக்காமல் உருண்டைத் தண்டிலிருந்தே கடைந்தெடுத்தார்கள். 1962-இல் அது 700 ஆனது. போல்ட் முகத்தில் குழிவெட்டி, தோட்டாவின் அடி அதற்குள் உட்காரும். போல்ட் மூக்கு குழலின் குழிக்குள் நுழையும். இரண்டையும் ரிசீவர் வளையம் சூழும். 'மூன்று எஃகு வளையம்' என்று கம்பெனி விளம்பரம் செய்தது. வாயு கசிவுக்கு எதிராக அது நல்ல காப்பு.

கைவினைஞருக்குப் பிடித்தது வேறு. உருண்டையாக இருப்பதால் கடைசல் எந்திரத்தில் மாட்டி அச்சு பார்ப்பது எளிது. முகத்தைச் சமமாக்குவது, மரையைத் திருத்துவது, காதுகளை இழைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொடவைப்பது, போல்ட் முகத்தைச் செங்குத்தாக்குவது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். உதைப்புத் தடுப்பு என்பது குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே சொருகிய தட்டு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இருபுறமும் இழைத்துச் சமமாக்கிய கனமான தட்டைப் போடலாம். ஊசி லேசு, ஓட்டம் குறைவு. அமெரிக்க மரைன் படை 1966-இல் எம்40 என்றும், ராணுவம் 1988-இல் எம்24 என்றும் குறிபார்ப்பவர்களுக்குக் கொடுத்தது இதே ஆக்‌ஷனைத்தான். ஆக, 700 பிறவியிலேயே துல்லியமானது என்பதைவிட, மலிவாகத் துல்லியமாக்கக்கூடியது என்பதுதான் பொருந்தும்.

குறைகளும் அதே விலைக்கணக்கில் பிறந்தவை. கூட்டை இழுக்கும் கொக்கி விளிம்புக்குள் ஒளிந்த மெல்லிய வளையத் தகடு. ஒட்டிக்கொண்ட கூட்டை அது விட்டுவிடலாம். பின்லாந்தின் சாக்கோ துப்பாக்கிகளில் உள்ள வகைக் கொக்கியை வெட்டிப் பொருத்துபவர்கள் உண்டு. ஆனால் வெட்டும்போது அந்த முதல் வளையத்தில் வாசல் திறந்துவிடுகிறோம் என்பதைச் சேர்த்தே எடைபோட வேண்டும். போல்ட் பிடி பித்தளைப் பற்றாசில் ஒட்டப்பட்டது. கொஞ்சம் பின்தள்ளி ஒட்டியிருந்தால், பிடியைத் தூக்கும்போது கூட்டை முதலில் இளக்கவேண்டிய நெம்பு விசை கிடைக்காது. கைவினைஞர் அதை இளக்கி, இடம் மாற்றி ஒட்டித் தருவார். போல்ட் முகத்திலிருந்து விற்சுருளோடு துருத்தும் சிறு முளை கூட்டை வெளியே எறிகிறது. அறைக்குள் இருக்கும்போதும் தோட்டாவை ஒரு பக்கமாக அது நெருக்கிக்கொண்டே இருப்பதால், பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் பலர் அதைக் கழற்றிவிடுவார்கள். வேட்டைக்காரர் அதைச் செய்யக்கூடாது. இரண்டாவது குண்டுக்கு விரலால் கூட்டை நோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

விசை விவகாரம் தனி. வாக்கர் விசையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அதற்குப் பின்வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை 2014-இல் கம்பெனியே திரும்பப் பெற்றது. பழைய 700 வாங்குபவர் விசையை மாற்றுவதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. கம்பெனி 2018-இலும் 2020-இலும் திவாலாகி, இலியனிலிருந்த அதன் பழைய ஆலை 2024-இல் மூடப்பட்டது.

ஆலை போனாலும் அளவு நிலைத்துவிட்டது. மொன்டானாவின் டிஃபையன்ஸ், டெக்சாசின் ஸ்டில்லர் போன்ற சிறு பட்டறைகள் ரெமிங்டன் 700-இன் கட்டையிலும் விசையிலும் அப்படியே உட்காரும் ஆக்‌ஷன்களைச் செய்கின்றன. கணினி எந்திரத்தில் கடைந்தவை. திருத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பிடி ஒட்டியது கிடையாது, உதைப்புத் தடுப்பும் பலவற்றில் ரிசீவரோடு ஒரே துண்டு. பழைய 700 வாங்கி, கைவினைஞரிடம் கொடுத்து, கொக்கி, பிடி, தட்டு, விசை எல்லாம் மாற்றியபின் கூட்டிப் பார்த்தால் இதன் விலையை நெருங்கிவிடும். புதிதாகக் கட்டுபவருக்கு இன்று நியாயமான தொடக்கம் இதுதான். ஒரே எச்சரிக்கை: இடைவெளி மிக இறுக்கமான ஆக்‌ஷன் மேசையில் பட்டுப்போல் ஓடும், நுண்மணல் ஏறினால் கரகரவென்று மக்கர் பண்ணும். வேட்டைக்கென்று சொல்லி வாங்க வேண்டும்.

சாவேஜ் 110 பார்வைக்கு அழகில்லாதது. நிக்கோலஸ் புரூவர் வடித்து 1958-இல் வந்தது. குழலின் அடியில் ஒரு பெரிய நட்டு. குழலைத் திருகி, அளவுக்கட்டை வைத்துச் சரிபார்த்து, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. கடைசல் எந்திரமே வேண்டாம். போல்ட்டின் தலை தனித்துண்டாகக் குறுக்கு முளையில் தொங்குவதால் காதுகள் இரண்டும் தாமாகவே சமமாக உட்கார்ந்துகொள்ளும். மற்ற கம்பெனிகள் கைவேலையால் சாதித்ததை இது ஏழை வீட்டுப் பிள்ளையின் சாமர்த்தியத்தோடு சாதித்தது. பார்த்துச் சிரித்தவர்கள் இலக்குத்தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பின்லாந்தின் ரீஹிமாகி நகரில் சாக்கோ ஆலையில் பிறக்கும் டிக்கா டி3, 2003-இல் வந்தது. இரண்டே காது, பிடிக்கு 70 பாகை தூக்கு, வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட். குட்டைத் தோட்டாவுக்கும் நீளத் தோட்டாவுக்கும் ஒரே நீள ஆக்‌ஷன் என்பது சிக்கனம். உதைப்புத் தடுப்பு ரிசீவரில் இல்லை. கட்டைக்குள் நிற்கும் தகடு, ரிசீவரின் பள்ளத்தில் கொளுவிக்கொள்ளும். கனடாவின் வட துருவப் பகுதிகளைக் காவல்காக்கும் ரேஞ்சர்கள் 1947 முதல் சுமந்துவந்த லீ-என்ஃபீல்டுகளை இறக்கிவைத்துவிட்டு எடுத்துக்கொண்ட சி19, இந்த டிக்காவின் உருமாற்றம்தான். கட்டிக்கொள்ளாமல் பெட்டியிலிருந்தே துல்லியம் வேண்டுபவர் முதலில் இதைப் பார்த்துவிட்டு, பிறகு மேலே செலவழிப்பதா என்று யோசிக்கலாம்.

அந்த லீ-என்ஃபீல்ட் நம்மவர்க்கு அன்னியமில்லை, காவல்துறை சுமந்த .303 அதுதான். அதன் காதுகள் போல்ட்டின் பின்பக்கம். அதனால் ஓட்டம் வேகம். ஆனால் வெடிக்கும்போது முழு போல்ட்டும் அமுங்கி நிமிர்வதால் கூடுகள் நீளும், துல்லியத் துப்பாக்கி கட்டுபவர் ஒதுங்கிப்போவார். இந்தியாவில் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் உரிமம் பெற்ற பொதுமக்களுக்குச் செய்த .315 ரைபிளும் இதே ஆக்‌ஷன். ராணுவத் தோட்டா மக்களுக்குத் தடை என்பதால் பழைய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவுக்கு அறையை வெட்டினார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைத் துப்பாக்கி கட்டும் பேச்சுக்கே இடமில்லை.

மற்றவை சுருக்கமாக. வெதர்பி மார்க் 5-க்கு ஒன்பது சிறு காதுகள், 54 பாகை தூக்கு. கேட்கப் பிரமாதம், ஆனால் ஒன்பதையும் ஒன்றாகத் தொடவைப்பது கைவினைஞரின் பொறுமையைச் சோதிக்கும். தூக்கு குறையக் குறைய விற்சுருளை ஏற்றும் சரிவு செங்குத்தாகும், பிடி கனக்கும். மூன்று காது வடிவங்கள் எல்லாவற்றுக்கும் இது பொது. 1968-இன் ரூகர் 77-இல் முன் திருகு சாய்வாகப் போய் ஆக்‌ஷனைக் கீழும் பின்னும் இழுத்துக் கட்டையில் அமுக்கும். யோசனை நல்லது, ஆனால் அதன் கட்டைகளும் பொருத்தமும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. ஜெர்மனியின் பிளேசர் ஆர்8-இல் தூக்கும் வேலையே இல்லை. நேராக இழுத்துத் தள்ளினால் விரியும் வளையம் குழலுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். ஓடும் பன்றியைச் சுடும் ஐரோப்பியருக்குக் கச்சிதம், கைவினைஞருக்கு அதில் தொட ஒன்றுமில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ் வழி வேறு. ஐந்து பவுண்டுக்குள் துப்பாக்கி வேண்டுமென்று ஆக்‌ஷனையே தாமே மெலிதாகச் செய்தார். எல்லாரும் குழலைக் கட்டையில் படாமல் மிதக்கவிட, இவர் முனை வரை கட்டையோடு ஒட்டி உட்காரவைத்தார். மெல்லிய குழல் தனியாக நின்றால் ஆடும், விறைப்பான கட்டையோடு சேர்ந்தால் ஆடாது என்பது வாதம். அந்தத் துப்பாக்கிகள் நன்றாகவே சுட்டன.

கரடி, காட்டெருமை போன்று திருப்பித் தாக்கக்கூடியவற்றின் பின்னால் போகிறவர் மவுசரையோ மாடல் 70-ஐயோ எடுப்பது நல்லது. கவிழ்ந்து விழுந்துகொண்டே போல்ட்டை ஓட்டினாலும் தோட்டா கைவிடாது. வயல் ஓரத்தில் உட்கார்ந்து தூரத்து மானைச் சுடுபவருக்கு ரெமிங்டன் வழிவந்தவை போதும், காசும் மிச்சம். மலையேறுபவர் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். மூச்சிரைத்தால் அரை எம்.ஓ.ஏ. எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டி முடித்த துப்பாக்கியைக் கைவினைஞரிடம் வாங்கும்போது இலக்குத்தாளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. காதுகளின் பின்முகத்தில் மை தடவி, போல்ட்டைச் சிலமுறை மூடித் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். இரண்டு காதிலும் மை ஏறக்குறைய சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். கட்டையின் முன் திருகை இளக்கி இறுக்கும்போது குழல் நுனி எழும்பித் தாழ்ந்தால் பொருத்தம் சரியில்லை. பிறகு மருந்தில்லாத போலித் தோட்டாக்களால் மேகசினை நிரப்பிக்கொண்டு, மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, கடைசியில் துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல்ட் ஃபீட் என்று சொல்லி விற்ற ஆக்‌ஷன் கவிழ்த்தபோது தோட்டாவைத் தரையில் போட்டால், மிச்சப் பணத்தைக் கொடுக்காமல் அதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரலாம்.